மென்பொருட் பொதியும் தமிழ்க் கருவிகளும்

நூல் இயற்றுவோன் ஒருவன். அதனைப் படிப்போன் பிறிதொருவன். இவ் இருவருக்கும் இடையே நூலைக் கொண்டு செல்லும் கருவியைப் பற்றி நாம் பெரிதும் எண்ணுவதில்லை. ஓலைச்சுவடிக் காலத்தில், எழுதிய ஏடுகளை அடுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினர். கட்டு அவிழ்ந்த சுவடியின் ஏடுகள் முறை பிறழ்ந்து, ஒரு நூலின் பகுதி மற்றொரு நூலிற் புகுந்து, பதிப்பாசிரியர்களை எவ்வளவு இடர்ப்படுத்தின என்பதை உ. வே. சாமிநாதையர் முதலியோரின் பதிப்பு வரலாறு காட்டும். இன்று கணினியைக் கொண்டு ஆராயும் தமிழாசிரியருக்கும் அத்தகைய இடர் ஒன்று உண்டு. ஆனால் அதன் வேர் எங்கே உள்ளது என்பது பலருக்கும் விளங்குவதில்லை. மென்பொருள் ஒன்றனைப் பல்வேறு இயங்குதளங்களில் நிறுவத்தக்கவாறு பொதிந்து தரும் முறையை விளக்கி, அம்முறையிற் பிழை நேர்ந்தால் தமிழாய்வுக்கு விளையும் இழப்பு யாது என்பதைக் காட்டுதலே இக் கட்டுரையின் நோக்கம்.

1. ஒரு நிகழ்ச்சி

யான் கோவிலம்பாக்கத்தில் வாழ்கின்றேன். அண்மையில், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தாம் 1997 முதல் சில ஆண்டுகள் முயன்று தொகுத்த சொல்லடைவு ஒன்றனைக் குறுந்தகட்டிற் பதிந்து கொணர்ந்து தந்தார். அடைவுக் கோப்புகள் பழுதின்றி இருந்தன. அவற்றை எழுதப் பயன்பட்ட தமிழ்ச் சொற்செயலியின் நிறுவு கோப்பும் அதே தகட்டில் இருந்தது. ஆயினும், புதிய கணினியில் அடைவைத் திறந்தபோது தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தோன்றவில்லை. புள்ளியும் கோடும் ஏறிய உரோமன் எழுத்துகளே வரிசை வரிசையாக நின்றன. சொற்செயலியை நிறுவ முயன்றபோது, இக் கணினியில் இதனை இயக்க இயலாது என்னும் செய்தி வந்தது.

சொற்செயலியே பழமையுற்று இறந்துபட்டது என்று முதலிற் கருதினோம். உண்மை அதுவன்று. சொற்செயலி 32 இருமக் கட்டளைகளால் ஆகியது. அதனை இன்றைய 64 இரும விண்டோசும் இயக்கும். ஆனால் அதனை அவிழ்த்து நிறுவும் சிறு நிரல் மட்டும் 16 இருமக் கட்டளைகளால் ஆகியிருந்தது. 64 இரும விண்டோசு 16 இரும நிரல்களை ஏற்பதில்லை. தொண்ணூறுகளில் வெளிவந்த மென்பொருள்கள் பலவற்றுக்கு இக் குறை உண்டு. பேழைக்குள் இருந்த பொருள் கெடவில்லை. பேழையின் பூட்டே துருப்பிடித்துவிட்டது எனலாம்.

மேடவாக்கம் சாலையில் கணினிப் பழுது பார்க்கும் கடை ஒன்றில் விண்டோசு எக்ஸ்பி இயங்கும் பழைய கணினி கிடைத்தது. அதில் நிறுவு கோப்பு தடையின்றி அவிழ்ந்தது. அவ்வாறு அவிழ்ந்த கோப்புறையையும் எழுத்துருவையும் பெயர்த்துப் புதிய கணினியில் வைத்ததும் சொற்செயலி இயங்கிற்று. சொல்லடைவும் தமிழாகத் தோன்றிற்று. அந்தப் பழங்கணினி எடைக்குப் போயிருப்பின், ஓர் ஆசிரியரின் பல்லாண்டு உழைப்பு நம் கண்முன் இருந்தும் இல்லாததாகியிருக்கும்.

2. பொதி என்னும் சொல்

இப் பொருளைக் குறிக்கத் தமிழ்க் கணிமையார் ‘பொதி’ என்னும் சொல்லை வழங்குகின்றனர். பொதிதல் என்பது உள்ளடக்கி மூடுதல், சேமித்தல் என்னும் பொருள்களை உடையது. பொதிமாடு, பொதிசோறு முதலிய வழக்குகளில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லுதற்காகக் கட்டியது என்னும் கருத்து அமைந்துள்ளது. ‘தொகுப்பு’ என்று வழங்குவாரும் உளர். தொகுப்பு பலவற்றைச் சேர்த்தலை மட்டுமே சுட்டும். சென்றடையும் இடத்தில் அவிழ்த்தற்குரியது என்னும் குறிப்பு அதில் இல்லை. ஆதலின் பொதி என்பதே பொருத்தமுடைத்து. பொதியை ஆக்குவோரைப் பொதியாளர் என்றும், பொதிகள் தொக்க இடத்தைக் களஞ்சியம் என்றும், ஒரு பொதி தான் இயங்குதற்கு வேண்டிநிற்கும் பிற பொதிகளைச் சார்புகள் என்றும் இக் கட்டுரையில் வழங்குவோம்.

3. பொதியின் உறுப்புகள்

1993இல் ஐயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் இயங்குதளத்தின் பொதியைச் சான்றாகக் கொள்வோம். டெப் எனப்படும் அப் பொதி மூன்று உறுப்புகளை உடையது. முதலுறுப்பு பொதியமைப்பின் பதிப்பெண்ணை மட்டும் கூறும். இரண்டாவது, பொதியைப் பற்றிய செய்திகளைத் தாங்கியது. மூன்றாவது, நிறுவப்படும் கோப்புகளின் திரட்டு.

இவற்றுள் இரண்டாம் உறுப்பு தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. அது பாயிரம் போல்வது. நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுப் பொருள்களை வகுத்தார். அவற்றுள் நூற்பெயர் போலப் பொதியின் பெயர் இதில் உண்டு. நூல் செய்தான் பெயர் போலப் பொதியைப் பேணுவோர் பெயர் உண்டு. நூல் வழங்கும் எல்லை போல, எவ்வகைச் செயலியில் இப் பொதி இயங்கும் என்னும் வரையறை உண்டு. நுதலிய பொருள் போல மென்பொருளின் விளக்கம் உண்டு. இவற்றின் மேலாகப் பதிப்பெண்ணும் சார்புகளின் பட்டியும், உடன் இருத்தல் கூடாத பொதிகளின் பட்டியும் அமையும். பாயிரம் இல்லாத நூலை மாணவர் மயங்கியே கற்பர் என்பது நம் இலக்கணிகள் கொள்கை. இவ் உறுப்பு இல்லாத பொதியையும் இயங்குதளம் அவ்வாறே அறியமாட்டாது.

எல்லை என்னும் கூறு சிறிது விளக்கம் வேண்டுவது. எழுத்துருவில் செயலிக்குரிய கட்டளைகள் இல்லை. எழுத்துகளின் வடிவும் அவை கூடும் முறையுமே உள்ளன. ஆதலின் எழுத்துருப் பொதிகள் எல்லாச் செயலிக்கும் பொது எனக் குறிக்கப்பெறும். சொற்செயலியோ ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே மொழிமாற்றப்பட்டுத் தனித்தனிப் பொதியாக வேண்டும்.

பொதி அவிழ்ந்து தளத்தோடு சேரும் நிகழ்ச்சியைப் புணர்ச்சி என்று கொள்ளலாம். தளம் நிலைமொழி, மென்பொருள் வருமொழி. புதிய கோப்புகள் வந்து சேர்வது தோன்றல். அமைப்புக் கோப்புகள் மாறுவது திரிதல். பழம்பதிப்பின் கோப்புகள் நீங்குவது கெடுதல். இவ் விகாரங்களுள் எவை நிகழ்ந்தன என்பதைத் தளம் முறையாகக் குறித்து வைக்கின்றது. அக் குறிப்பு இருப்பதனாலேயே, வேண்டாதபோது மென்பொருளை எச்சமின்றி நீக்க முடிகின்றது. வெறுமனே கோப்புகளைப் படியெடுத்து வைப்பதற்கும் பொதியை நிறுவுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

4. தளந்தோறும் வேறுபாடு

ஒரு பொதி எல்லாத் தளத்துக்கும் ஏலாமை ஏன் எனின், தளங்களின் மரபுகள் வேறாதலின் என்க.

முதலாவது, இடமரபு. விண்டோசு தளத்தில் ஒவ்வொரு வட்டும் தனி எழுத்தாற் குறிக்கப்படும். லினக்சிலும் மேக்கிலும் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கும். எழுத்துருவை வைக்கும் இடமும் தளந்தோறும் வேறு.

இரண்டாவது, பெயர்மரபு. லினக்சு உரோமன் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கொள்ளும். விண்டோசு பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். ஆகவே, விண்டோசில் பிழையின்றி இயங்கிய நிரல் லினக்சில் தன் கோப்பையே காணாது மயங்குதல் உண்டு.

மூன்றாவது, வரிமரபு. வரி முடிந்ததைக் குறிக்க லினக்சு ஒரு குறியையும் விண்டோசு இரு குறிகளையும் இடும். நிறுவும்போது இயங்கும் சிறு நிரலில் இவ் வேறுபாடு புகுந்தால் நிறுவுதலே தடைப்படும்.

நான்காவது, பொதிமரபு. டெபியன் வழியினர் டெப் பொதியையும், ரெட்ஹேட் வழியினர் 1995இல் தோன்றிய ஆர்பிஎம் பொதியையும் கொண்டனர். விண்டோசில் மென்பொருளாளர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு நிறுவு கோப்பை ஆக்கிவந்தனர். 1999இல் எம்எஸ்ஐ என்னும் முறை வந்தபின் அங்கும் ஓர் ஒழுங்கு பிறந்தது. எம்எஸ்ஐ பொதி அட்டவணைகள் பல அடங்கிய ஒரு தரவுத்தளமாகும். மேக் தளத்தில் மென்பொருள் ஒரு கோப்புறையாகவே அமைந்து, பயன்படுத்துவோர்க்கு ஒரே பொருள் போலத் தோன்றும்.

5. சார்பும் கட்டுச்சோறும்

வழிச்செல்வோன் உணவு பெறும் நெறி இரண்டு. வழியிலுள்ள சத்திரங்களை நம்பிச் செல்வது ஒன்று. கட்டுச்சோறு கொண்டு செல்வது மற்றொன்று. மென்பொருளுக்கும் இவ் இரு நெறிகளே உள்ளன.

டெபியன் முதலிய களஞ்சிய முறையில், பலரும் வேண்டும் பொது நிரற்கூறு ஒருமுறையே நிறுவப்படும். அதனை வேண்டும் மென்பொருள்கள் யாவும் பகிர்ந்துகொள்ளும். சார்புகளைத் தேடிக் கொணரும் பணியை ஏபிடி என்னும் கருவி செய்கின்றது. பொதுக் கூற்றிற் பிழை காணப்படின் ஓரிடத்தில் திருத்தினால் அனைத்தும் திருந்தும். இடமும் மிச்சமாகும். ஆனால் பொதுக் கூறு புதிய பதிப்புக்கு மாறும்போது, பழைய பதிப்பை நம்பிய மென்பொருள் இயங்காது போகலாம்.

பிளாட்பேக், ஸ்னாப், ஆப்பிமேஜ் முதலிய பின்வந்த முறைகள் கட்டுச்சோற்று நெறியைத் தழுவின. மென்பொருள் தனக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதியைத் தன்னோடு கொணர்கின்றது. அல்லது தனக்கென வரையறுத்த ஓர் அடித்தளத்தை மட்டும் சார்கின்றது. ஆப்பிமேஜ் தளத்தில் எதனையும் மாற்றாமல் ஒரே கோப்பாக நின்று இயங்குவதால், அதனை இயல்பு புணர்ச்சி எனலாம். இந்நெறியில் பொதி பெருக்கும். ஒரே கூறு பல பொதிகளில் மீள மீள வரும். பிழை திருத்தமும் ஒவ்வொரு பொதியிலும் தனித்தனியே நிகழ வேண்டும்.

இவற்றுள் எது சிறந்தது எனின், பயணத்தின் தன்மையே அதற்கு விடை. நாள்தோறும் பேணப்படும் கருவிக்குக் களஞ்சிய நெறி ஏற்றது. பேணுவோர் அருகிய, ஆனால் நெடுங்காலம் வேண்டப்படும் ஆய்வுக் கருவிக்குக் கட்டுச்சோற்று நெறி பாதுகாவலானது.

6. எழுத்துருவும் விசைப்பலகையும்

தமிழ்க் கருவிகளில் இந் நிலை எவ்வாறு விளங்கியது என்பதை இனிக் காண்போம். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்இணையம்99 மாநாடும் எழுத்துக் குறியீட்டையும் விசைப்பலகையையும் தரப்படுத்த முயன்றன. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியீடுகளும் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றன. 2010இல் ஒருங்குறி அரசின் தரமாயிற்று.

ஒருங்குறிக்கு முன் ஒவ்வொரு மென்பொருளாளரும் உரோமன் எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களைத் தம் விருப்பப்படி அமைத்தனர். ஆதலின் ஆவணம் அந்த எழுத்துருவோடு பிரிக்க முடியாதவாறு பிணைந்து நின்றது. பொதியியலார் சொல்லிற் கூறின், ஒவ்வோர் ஆவணத்துக்கும் எழுத்துரு ஒரு சார்பு. ஆனால் அச் சார்பை அறிவிக்கும் பாயிரம் இல்லை. மேற்கூறிய சொல்லடைவின் நிலை இதுவே.

ஒருங்குறி வந்த பின்னும் இடர் உடனே தீரவில்லை. விண்டோசு 2000 தளத்தில் தமிழ் ஒருங்குறியும் லதா எழுத்துருவும் இடம்பெற்றன. எனினும் அதிலும் 2001இல் வந்த எக்ஸ்பி தளத்திலும், கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைவதற்கான கோப்புகளைப் பயன்படுத்துவோரே தனியே நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாதவர் கணினியில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன் நில்லாமல் பின்னே நின்றது. எழுத்து பிழையன்று, பொதியிற் சேராது விடுபட்ட ஒரு சார்பே பிழை.

விசைப்பலகை இதனினும் நுட்பமானது. தமிழ்99 முறையில் ககர விசையை இருமுறை அழுத்தினால் முதல் ககரம் தானே புள்ளி பெற்றுக் ‘க்க’ என வரும். ககரத்தின்பின் ஆகார விசையை அழுத்தினால் ‘கா’ ஆகும்; மொழிமுதலில் அழுத்தினால் ‘ஆ’ ஆகவே நிற்கும். எனவே ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்னும் எளிய அட்டவணை இதற்குப் போதாது. முன்வந்த எழுத்தை அறிந்து பின்வருவதை முடிவு செய்யும் உள்ளீட்டு நிரல் வேண்டும். அத்தகைய நிரலை ஏற்கும் வாயில் விண்டோசில் ஒன்று, மேக்கில் பிறிதொன்று, லினக்சில் மற்றொன்று. விதி ஒன்றேயாயினும் பொதி மூன்றாக வேண்டியதாயிற்று.

இதனைப் பலரும் பலவாறு எதிர்கொண்டனர். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை ஆக்கினார்; அவர் வடித்த இணைமதி எழுத்துரு மேக் தளத்தோடு சேர்ந்தே வந்தது. முகுந்தராசின் இ-கலப்பை, தன் தொடக்கப் பதிப்புகளில் மார்க் டர்டினின் கீமேன் என்னும் பொறியையும் தமிழ் விசைப்பலகை விதிகளையும் ஒரே நிறுவு கோப்பிற் பொதிந்து தந்தது. இரண்டையும் தனித்தனியே தேடி நிறுவும் தொல்லை நீங்கியமையே அது விரைந்து பரவியதற்கு ஒரு காரணம் எனக் கருதலாம். லினக்சு வழியில் எம்17என் என்னும் தரவுப் பொதி தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகை விதிகளை வெறும் எழுத்துக் கோப்புகளாகவே வைத்துள்ளது. பொறி மாறினும் விதி கெடாது.

கீமேன் கண்ட தீர்வும் அறியத்தக்கது. கேஎம்பி எனப்படும் அதன் பொதியில் விசைப்பலகை விதிகள், எழுத்துரு, விளக்கக் குறிப்பு ஆகியன ஒன்றாக அடங்கும். கணினிக்குரிய வடிவும் கைப்பேசிக்குரிய வடிவும் அப் பொதியிலேயே உடனிருக்கக் கூடும். தளத்துக்குத் தளம் வேறுபடுவது பொறி மட்டுமே, பொதி பொது. 2015இல் கீமேன் எஸ்ஐஎல் நிறுவனத்தின் பொறுப்பில் வந்து, பின்னர்த் திறந்த மூலமாகவும் ஆயிற்று.

7. தென்சென்னையின் பங்கு

இத் துறையில் எம் ஊரை அடுத்த பகுதிக்கும் ஒரு பங்கு உண்டு. 2005இல் திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வளமையம் சென்னையில் அமைந்தபோது, அதனைச் சென்னை சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகக் கே.பி. சந்திரசேகர் ஆய்வு மையமும் இணைந்து ஏற்றன. அம் முயற்சியில் 2007இல் பாஸ் என்னும் இயங்குதளம் வெளிவந்தது. அது டெபியனை அடியாகக் கொண்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குரிய எழுத்துருக்களையும் உள்ளீட்டு முறைகளையும் தன்னுள்ளே கொண்டு வந்தது. புதிய இயங்குதளம் ஒன்றை இன்மையினின்று படைத்தார் அல்லர். இருந்த களஞ்சியத்திலிருந்து வேண்டும் பொதிகளைத் தேர்ந்து, சிலவற்றைப் புதிதாகப் பொதிந்து சேர்த்தனர். தொகைநூல் தொகுத்தாரின் பணியோடு இதனை ஒப்பிடலாம்.

டெபியன் களஞ்சியத்தில் லோகித், சம்யக் முதலிய தமிழ் எழுத்துருக்கள் தனித்தனிப் பொதிகளாக உள்ளன. தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் சார்புகளாக உடைய தாய்ப்பொதி ஒன்றும் உருவாக்கப்பட்டது. அதனுள் எழுத்துரு எதுவும் இல்லை. சார்புப் பட்டியே அதன் உள்ளடக்கம். அவ் ஒன்றை நிறுவினால் ஏனைய தாமே வந்து சேரும். பதிப்பாசிரியர்க்குப் பயன்படுவது லோகித் தமிழின் செவ்வியல் வடிவம். 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்திய எழுத்து வடிவங்களை அது தருகின்றது. பழம்பதிப்புகளின் தோற்றத்தைக் காட்ட விரும்புவோர், இத்தகைய பொதி உண்டு என்பதை அறியாமையால், எழுத்துகளைப் படமாக ஒட்டி இடர்ப்படுதலைக் கண்டுள்ளேன்.

8. செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் ஆய்வுத் துறையினர் கொள்ள வேண்டிய நெறிகள் சில பெறப்படுகின்றன.

ஒன்று: துறையில் உருவாகும் சொல்லடைவு, தொடரடைவு முதலியவற்றை ஒருங்குறியில் எளிய எழுத்துக் கோப்பாகவும் ஒரு படி வைத்தல் வேண்டும். சார்பு குறைந்த கோப்பே நெடிது வாழும்.

இரண்டு: ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு பாயிரக் கோப்பு இருத்தல் வேண்டும். ஆக்கியோர் பெயர், ஆண்டு, பயன்படுத்திய மென்பொருள், அதன் பதிப்பெண், எழுத்துரு, இயங்குதளம் ஆகியன அதில் இடம்பெற வேண்டும்.

மூன்று: பழைய மென்பொருளின் நிறுவு கோப்பை மட்டும் காத்தல் போதாது. அது அவிழும் கணினி உள்ளபோதே அவிழ்த்து, நிறுவிய கோப்புறையையும், உரிமம் இடங்கொடுக்கும் அளவில் எழுத்துருவையும் சேர்த்துக் காத்தல் வேண்டும். 2021இல் வெளிவந்த விண்டோசு 11 தளத்துக்கு 32 இரும வடிவே இல்லை என்பதை நினைக்க, இப் பணிக்குரிய காலம் குறுகி வருதல் விளங்கும். பழந்தளத்தை முழுமையாக ஒரு மெய்நிகர் கணினியில் அமைத்து வைப்பது மற்றொரு வழி.

நான்கு: துறையார் ஆக்கும் நிரல்களை ஒருவர் கணினியில் இயங்கியதோடு அமையாமல் பொதியாக்கி வெளியிடுதல் வேண்டும். சந்தி பிரிக்கும் நிரலாயினும் யாப்பு ஆராயும் நிரலாயினும், பிறரால் நிறுவ இயலாதது ஆய்வுலகுக்கு இல்லாததே ஆகும். பொதியின் பதிப்பெண்ணை ஆய்வேட்டிற் குறித்தால், பின்வருவோர் அதே கருவியைக் கொண்டு முடிபுகளை மீண்டும் சோதிக்கலாம்.

பொதியாளர் பணி புகழ் குறைந்தது. மென்பொருளை ஆக்கியோரை உலகம் அறியும். அதனைத் தளந்தோறும் சென்று சேரச் செய்தோரை அறிவார் சிலரே. ஏடு பெயர்த்து எழுதியோர் பலரின் பெயரும் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர் கட்டிய கட்டு அவிழாது நின்றமையாலேயே நூல்கள் நம்மை வந்தடைந்தன. மேலே சுட்டிய ஆசிரியரின் சொல்லடைவு இப்பொழுது ஒருங்குறிக்கு மாற்றப்பட்டு வருகின்றது. ககர வருக்கம் முடிந்தது, சகரம் நடைபெறுகின்றது. அதனோடு ஒரு பாயிரக் கோப்பையும் அவரே எழுதித் தந்துள்ளார்.